தகப்பன் பெயர்க் கட்டம்

14-6-1976, திங்கள்
சென்னையிலிருந்து கூலியாட்கள் பட்டியல் வந்துவிட்டது. புதுத் துறைமுகத்துக்குள் நுழைய இனி அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு இந்தப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பதிவேட்டிலிருந்து மூன்று கட்டங்களை எழுதி அனுப்பியிருந்தோம்: தகப்பன் பெயர், சொந்தப் பெயர், ஊர். அங்கே கம்ப்யூட்டர் மூன்றையும் சேர்த்து ஆளுக்கு ஒரு வரியாக இங்கிலீஷில் அடித்திருக்கிறது. அதைப் பார்த்துத் தமிழ் டைப்ரைட்டரில் அட்டை தட்டுவது என் வேலை.

நாற்பத்தோரு பேரைக் காணோம்.

15-6
காரணம் தெரிந்தது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அது முழு வரியையும் விட்டுவிடுகிறதாம். பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை.

மெஷின் தப்புப் பண்ணாது என்கிறார் தலைமை எழுத்தர் சங்கரலிங்கம் சார். அதற்குச் சொல்லிக்கொடுத்தவன்? அவனுக்கு எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும்.

17-6
உப்பு மூட்டை சுமக்கும் ஜீவமணி வந்தாள். இரண்டு நாளாகத் துறைமுக கேட்டில் திருப்பி அனுப்புகிறார்களாம். பதிவேட்டைப் புரட்டினேன். தகப்பன் பெயர்க் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. என் கோடு. மெஷினுக்கு அது காலிக் கட்டம். மார்ச்சில் அவள் தெரியாது என்றபோது நான்தான் போட்டிருக்கிறேன். நாகரிகம் என்று நினைத்தேனா, சோம்பலா? — மெஷினை வேறு திட்டினேனே.

"ஏதாவது ஆம்பளப் பேரப் போட்டு அனுப்பும்மா" என்றார் சார்.

ஜீவமணி சிரித்தாள். "நாப்பது வருசமா இல்லாத அப்பன ஒரு நிமிசத்துல பெத்துட்டியளே சார்."

பிறகு என்னிடம், "ஏளா, என்ன வளத்தவ செல்லக்கனி. எங்கம்மா. அவ பேரப் போடு."

அது பொம்பளைப் பெயர், அந்தக் கட்டத்தில் வராது என்றார் சார்.

"ஒங்க மெஷினுக்கு ஆம்பள பொம்பள தெரியுமா?"

எழுதினேன்.

18-6
திருத்தம் தபாலில் போனது. சார் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். என் கையெழுத்து மட்டும். என் வேலை தற்காலிகம். பயமில்லை என்று எழுதினால் பொய்.

26-6
பதில் இல்லை. ஜீவமணி திரேஸ்புரத்தில் மீன் ஆயப் போகிறாள் என்று கேள்வி. முகத்தில் எப்படி முழிக்க?

5-7, திங்கள்
திருத்திய பட்டியல் வந்துவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. "செ. ஜீவமணி, திரேஸ்புரம்" என்று தட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அம்மா எழுத்து எது என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். அட்டையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

9-7
சார் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மத்தியானம் ஞானசௌந்தரி வந்தாள். அவளும் உப்புக்காரி. அட்டையில் "வி." என்று இருந்தது. தகப்பனார் விக்டர், சரியாகத்தானே இருக்கிறது என்றேன். சரிதான் என்றாள். போகாமல் நின்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அம்மா பெயர் என்ன என்று கேட்டேன்.