உங்கள் பெயரில் என் வாக்கியம்

ரைட்டரே,

நீங்கள் சொல்லாத ஒன்றை உங்கள் பெயரில் சுவரில் எழுதிவிட்டார்கள். அதுவும் கடைசிவரை நீங்கள் மறுத்துப் பேசிய ஒன்றை. வாழவந்தி பஸ் ஸ்டாப்பில் உங்கள் மகள் உங்கள் நினைவாகக் கட்டிக்கொடுத்திருக்கும் நிழற்குடையில் இன்று காலை போய் உட்கார்ந்தேன். பெயிண்ட் வாசனை இன்னும் அடங்கவில்லை. உங்கள் பெயருக்குக் கீழே பச்சை எழுத்தில் இப்படி இருக்கிறது: "தேன்கூடு அறுகோணமாக இருப்பது தேனீயின் கணக்கு அறிவு." பக்கத்தில் மஞ்சளில் ஒரு தேன்கூடு படம் வேறு.

அது என் வாக்கியம். அதற்காக எத்தனை வருஷம் என்னைக் கிண்டல் செய்தீர்கள்!

நீங்கள் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதிவிட்டு இறங்கி வருவீர்கள். நான் மிளகுக் கொடிகளை விட்டுவிட்டு வருவேன். டீக்கடை பெஞ்சில் சண்டை ஆரம்பிக்கும். பள்ளிக்கூடம் போகாமல் பொட்டலக் காகிதங்களை எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவன் நான். படித்ததை லேசில் விடமாட்டேன். பக்கமும் மூலையும் சமமாக இருக்கிற ஒரே வடிவத்தை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டுமென்றால் முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றுதான் ஆகும். அதில் அறுகோணத்துக்குத்தான் சுவர் குறைவாகப் பிடிக்கும், மெழுகு மிச்சம். ஆகவே தேனீ கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறது என்று கத்தினேன்.

"மெழுகு மிச்சமாகறது நெசந்தானுங்க. அது கணக்குப் போட்டுச்சுன்னு யாரு பாத்தா?" என்றீர்கள். கழுவிக் கவிழ்த்திருந்த டீ கிளாஸ்களில் ஒன்றை நடுவில் வைத்து, மற்றவற்றைச் சுற்றிலும் நெருக்கி வைத்தீர்கள். சரியாக ஆறு உட்கார்ந்தது. இன்னொன்றுக்கு இடமில்லை. "இந்த கிளாசுக்கு மூளை இருக்குதுங்களா? இதெல்லாம் களிமண்ணா இருந்து, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமுக்குனா நடுவுல இருக்கற சந்து மூடிக்கும். நடுவுல இருக்கறது ஆறு பக்கமாயிரும்."

கடைக்காரர் கும்பிட்டார். "ஏனுங்க, டீ குடிக்க வந்தீங்களா, கழுவி வெச்ச கிளாச அழுக்குப் பண்ண வந்தீங்களா?"

இன்னொரு நாள் பப்பாளித் தண்டால் சோப்புத் தண்ணீரை ஊதி, தட்டில் ஒரே அளவுக் குமிழிகளைப் பரப்பிக் காட்டினீர்கள். எங்கே பார்த்தாலும் மூன்று சுவர்தான் ஓரிடத்தில் கூடியது. நான்கு கூடினால் நிற்கவில்லை. வழுக்கி, மும்மூன்று சுவர் கூடுகிற இரண்டு இடங்களாகப் பிரிந்தது. மாரமங்கலம் போகிற வழியில் வற்றிய குட்டையையும் காட்டினீர்கள். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, அதன் சேறு கிட்டத்தட்ட ஆறு பக்கத் துண்டுகளாக வெடித்திருந்தது.

"மண்ணு வேற, தேனீ வேற" என்றேன்.

"உங்ககூடப் பேசறதுக்குப் பாறைகூடப் பேசலாமுங்க."

"தாராளமாப் பேசுங்க. நெருப்புக் குழம்பு ஆறுன பாறைகூட அறுகோணத் தூணாத்தான் வெடிக்குமாம். அதும் உங்க கட்சிதான்!"

வாய்தவறி உங்களுக்கே சாட்சி சொல்லிவிட்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் வேட்டியெல்லாம் டீ கொட்டியது.

என்னை உண்மையில் அசைத்தது, என் காப்பி ஷெட்டின் எரவாணத்தில் தொங்கிய குளவிக் கூடு. குளவிக்கு மெழுகு கிடையாது, மரத்தைச் சுரண்டி மென்று காகிதம்போல ஆக்கித்தான் கட்டுகிறது. நடுவிலிருந்த அறைகளெல்லாம் ஆறு பக்கம். ஓரத்து அறைகளில் மட்டும், பக்கத்தில் வேறு அறை இல்லாத புறம், சுவர் வளைந்து உருண்டிருந்தது. "கணக்குத் தெரிஞ்ச குளவிக்கு ஓரத்துல மட்டும் மறந்துபோச்சுங்களா?" என்றீர்கள். ஆனாலும் மறுநாள் விடாமல் கேட்டேன்: "அப்பத் தேனீ ஒண்ணுமே பண்ணலீங்களா? வெறும் நெருக்கடிதானா?"

நீங்கள் சொன்னீர்கள்: "அது தெரியலீங்க. மெழுகு தானா இழுபட்டு நேராகுதுன்னும் சொல்றாங்க, தேனீயே இழைச்சு நேராக்குதுன்னும் சொல்றாங்க. நான் பாக்கல. தெரியலீங்க."

எல்லாம் தெரிந்தவர்களே உட்கார்ந்திருந்த அந்தக் கடையில் 'தெரியல' என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். நான் உங்களிடம் தோற்றேன் என்றால் அங்கேதான் தோற்றேன். இன்றைக்கும் உலையில் நுரை பொங்கினால் மூடியை எடுத்து, எத்தனை சுவர் கூடுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மருமகள் திட்டுகிறாள்.

சுவரில் எப்படி இது வந்தது என்று விசாரித்தேன். "எங்கப்பா அடிக்கடி என்னங்க சொல்லுவாரு?" என்று உங்கள் மகள் டீக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். அவர் காதில் நின்றதைச் சொல்லியிருக்கிறார். நீங்கள் பேசினால் எதிரில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கும். நான் பேசினால் பஸ் டிரைவருக்கும் கேட்கும். "ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து ஒரே பேச்சுத்தான் பேசுனீங்க. யாரு எதச் சொன்னதுன்னு எனக்கென்னங்க தெரியும்?" என்கிறார்.

மகளுக்கு போன் செய்தேன். "நொம்ப அழகா வந்திருக்குதுங்க மாமா. அப்பா பேரு இருக்குதில்லீங்க, அது போதும்" என்றாள்.

"போதாது கண்ணு. உங்கப்பன் பேருல பொய் இருக்குது. அவரு சொன்னது 'தெரியலீங்க'ன்னுதான்."

"தெரியலீன்னு யாராச்சும் செவுத்துல எழுதுவாங்களா மாமா? பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்" என்றேன். அவள் போனை வைத்துவிடவில்லை. பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மீதியை வாங்காமல் விடமாட்டேன்.

சேர்வராயன் கோயில் திருவிழா வருகிறது. மலை முழுக்க ஜனம் அந்த வழியாகத்தான் போகும். ஒரு தடவை படித்துவிட்டுப் போனால், நீங்கள் அதைத்தான் சொன்னீர்கள் என்று ஆகிவிடும். திருத்திக்கொள்ள நீங்கள் வரப்போவதில்லை. ஆகவே அதற்கு முன் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

பெயிண்டர் வந்து அந்தப் பச்சை வரியை முழுசாக அழிக்க வேண்டும், மேலே பூசி மறைக்கக் கூடாது. டீக்கடைக்காரர் எல்லார் முன்னாலும், அது இந்தக் கிழவன் சொன்னது, ரைட்டர் சொன்னதில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். என் வாக்கியம் வேண்டுமென்றால் எதிர்ச் சுவரில், என் பெயரில் இருக்கட்டும்; அதை நான் இன்னும் முழுக்க விட்டுவிடவில்லை. உங்கள் மகள் சேலத்திலிருந்து வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் பெயருக்குக் கீழே, "ஒன்றையொன்று நெருக்கினால் ஆறு பக்கம் வரும். தேனீ அதில் எவ்வளவு செய்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை" என்று எழுத வேண்டும். 'தெரியவில்லை' என்பதைப் பெயிண்டர் சின்னதாக எழுதிவிடாதபடி அவள் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல் முடிகிறவரை ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டியது நான்.