முப்பதாம் எண் இல்லாத பக்கம்

உன் லேப்டாப் மூடியில் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு இன்னும் அழியவில்லை. இன்று காலை உன் அப்பா, உன் நைனா, அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வடமாலபேட்டையில் பஸ் ஏறி, திருப்பதியில் என் ஹாஸ்டல் வாசலுக்கே வந்துவிட்டார். நீ போய் மூன்று வாரம் ஆகிறது.

"தொறந்து பாரும்மா. அன்னிக்கி காலைல இது இன்னா சொல்லிச்சு? என் தங்கச்சி குடுத்த அளவுதான் தப்புன்னு வீட்ல எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்க. அது ஒரு வாய் சோறு துன்ன மாட்டேங்குது."

வாசல் பெஞ்சில் அவரை உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தேன். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மூடியைத் திறக்கவில்லை.

உங்கள் ஊர்த் தரைப்பாலத்துக்காக நீ செய்த நோட்புக் என்ற புரோகிராம் அதற்குள் இருந்தது. மேலூர் ஏரி எத்தனை அடி வழிகிறது என்று அங்கே இருக்கும் உன் அத்தை காலையில் போனில் சொல்வாள். அதை நீ ஒரு கட்டத்தில் போட்டால், இன்னும் ஒரு மணி நேரத்தில் பாலத்தின்மேல் எவ்வளவு தண்ணீர் வரும் என்று அது கணக்குப் போடும். வரம்பு ஓர் அடி. அதற்கு மேல் என்றால் 'நில்'. கீழே என்றால் 'போ'. ஒரே சொல், அவ்வளவுதான். மொத்தம் ஏழு கட்டங்கள். நமக்கு அவை 'செல்'.

அந்த ஏழையும் நீ ஓட்டும் அழகைப் பார்த்து லேபே கொட்டாவி விடும். இறுதிக் கணக்குப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்து, அதன் நினைவை முழுக்கத் துடைத்துவிட்டு, மேலேயிருந்து ஒவ்வொன்றாக வருவாய்.

"செல்லுன்னு பேர வெச்சிக்கினு நகரவே மாட்டேங்குதேடி! மாத்துன செல்லையும் கடைசி செல்லையும் மட்டும் தட்டேன். முழுசா எதுக்கு?" என்பேன்.

"ஸ்கிரீன்ல நாம அழிச்சது அதோட நெனப்புல இருக்கும்டி. துடைக்காம நம்பக் கூடாது."

"நீ ஏரி தூர் வாருறதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டு வந்துர்றேன்."

"சரேலே, போ" என்று தெலுங்கில் பாதி, தமிழில் பாதியாகத் துரத்துவாய்.

மழை பெய்தால் உனக்கு 'நில்'. எனக்கு நீ இல்லாத கிளாஸ். கடைசியாக உன்னைப் பார்த்த அன்று மாலை நீ தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் புதிதாக ஒரு கட்டம் திறந்து, 'வரம்பு = 10' என்று தட்டி ஓட்டினேன். ஓட்டிய வரிசைப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் எண் விழும் அல்லவா? அன்று நீ திருத்தித் திருத்தி ஓட்டியதில் எனக்கு விழுந்தது முப்பது. உடனே அந்தக் கட்டத்தை அழித்துவிட்டேன். திரையில் பார்த்தால் வரம்பு ஓர் அடி. உள்ளுக்குள் பத்து அடி. உன் மழை லீவுக்கு முடிவு கட்டிவிட்டதாக நினைத்தேன். எப்படியும் காலையில் துடைத்துவிட்டுத்தான் ஓட்டுவாய், என் குறும்பும் துடைபட்டுப் போகும் என்றும் நினைத்தேன். நீ லேப்டாப்பை அணைக்காமல் அப்படியே மூடிப் பையில் வைத்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் பிராக்டிகல் தேர்வு. நீ பாலத்துக்கு வந்தபோது கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் இருந்ததாம். ஸ்கூட்டி பாதிப் பாலம் வந்தபோது மேலேயிருந்து வெள்ளம் இறங்கி உன்னை அடித்துக்கொண்டு போய்விட்டதாம்.

இந்த மூன்று வாரமும் நான் ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தேன். நீ துடைத்திருப்பாய், நீ எப்போதும் துடைப்பாய். துடைத்திருந்தால் எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, கடைசிக் கட்டத்தில் ஏழு இருக்க வேண்டும்.

மூடியைத் திறந்தேன்.

அத்தை சொன்ன அளவு நான்கு அடி. அதன் ஓரத்தில் முப்பத்தொன்று. கடைசிக் கட்டத்தில் முப்பத்திரண்டு. ஓர் அடி வரம்புக்கு 'நில்' வந்திருக்க வேண்டிய இடத்தில், அதன் கீழே 'போ'. முப்பது அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. தேர்வுக்கு நேரமாகிவிட்டதென்று, வாழ்க்கையில் ஒரே ஒருநாள், நான் சொன்ன மாதிரி ஓட்டியிருக்கிறாய்.

வாசலுக்கு வந்தேன்.

"அத்தை சரியாத்தான் சொல்லியிருக்காங்க மாமா."

"அப்ப?"

சொன்னேன். கட்டம், எண், நினைவு எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. 'நான்தான்' என்றது புரிந்தது. அடிப்பார் என்று நின்றேன். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். லேப்டாப்பை மறுபடி துண்டில் சுற்றினார். சுற்றி முடித்த பிறகுதான் கேட்டார்.

"எம் பொண்ணுக்குத் தெரியுமா, நீதான்னு?"

"தெரியாது மாமா."

"என் தங்கச்சிக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அத்தைக்குச் சொல்லிவிட்டேன். உன் நைனா கேட்ட அந்தக் கேள்விதான் இனி என்னோடு சாப்பிடும், கிளாசுக்கு வரும். நீ என்னை நம்பிக்கொண்டே போய்விட்டாய். சொல்ல வேண்டியவர்களில் மீதி நீ ஒருத்திதான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான்தான்டி.