அந்தப் படத்தில் பள்ளி எது?

சொன்ன பேச்சு கேட்காத என் அண்ணாவுக்கு,

நீ இருக்கும் ஊர் இப்போது நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. உன்னோடு கப்பலில் வேலை பார்த்த தலச்சேரிக்காரர் உன் பெட்டியோடு ஒரு பட அட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்பெயின் தேசமாம். கடலோரப் பாறைமேல் பழைய கோட்டை. கொள்ளைக்காரர்கள் வருகிறார்களா என்று பார்க்கக் கட்டிய வட்டக் கோபுரம். நீலக் கும்மட்டம் வைத்த வெள்ளை மாதா கோயில். கீழே மணல் முழுக்க வண்ணக் குடைகள். விடுமுறைக்காரர்கள் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். நீ மட்டும் அங்கேயே தங்கிவிட்டாய்.

மலையாளச் சீமையில் இந்த நல்லேப்பிள்ளி வயலுக்கு நடுவில் பிறந்தவனுக்குக் கப்பல் எதற்கு என்று அன்றைக்கே கேட்டேனே, காதில் போட்டுக்கொண்டாயா?

தலச்சேரிக்காரர் வந்தபோது அப்பா கயிற்றுக் கட்டிலில் இருந்தார். வயிற்றுவலி என்று உன்னைக் கரையிறக்கியது, ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துபோனது, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பள்ளிப்பறம்பிலாணு அடக்கியது, அம்மே. அவிடெ நின்னா கடல் காணாம்."

மலையாளத்தில் பள்ளி என்றால் மாதா கோயில். கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் உன்னை வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்குத்தான் காது மந்தமாயிற்றே, "என்ன சொல்றாரு?" என்றார். அம்மா முந்திக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்துப் பக்கத்துல வெச்சிருக்காங்களாமுங்க! பசங்க சத்தம் கேட்டுட்டே இருக்குமுங்க. தனியாக் கெடக்க மாட்டான்."

அப்பா தலையாட்டினார். அதற்கப்புறம்தான் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அம்மா தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று நினைத்து நானும் வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை, அண்ணா. இன்னும்தான் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன், சோறு வடிக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். வீட்டுக்குக் கரண்டு வந்துவிட்டது, தெரியுமா? அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்பா தினமும் படத்துக்கு முன்னால் நிற்பார். "இதுல பள்ளிக்கூடம் எது, புள்ளே?" கோட்டைக்குக் கீழே நிறைய ஜன்னல் வைத்த கட்டடம் ஒன்று இருக்கிறது. ஏதோ தங்கும் விடுதியாக இருக்கும். அதைக் காட்டுவேன். "பெரிய பள்ளிக்கூடந்தான்" என்று திருப்தியாகப் போய்விடுவார். அம்மாவும் எட்டிப் பார்ப்பாள். அவளுக்கும் சேர்த்துத்தான் பொய் சொல்கிறோம் என்று இருந்தேன்.

நேற்று அப்பா வயலுக்குப் போனதும் அம்மா அட்டையைச் சுவரிலிருந்து எடுத்து முந்தானையால் துடைத்தாள். விரலை நேராக அந்த மாதா கோயில்மேல் வைத்தாள்.

"எம்பட பையன் எந்தப் பக்கம் கெடக்கறான், கண்ணு? முன்னாடியா, பொறகாலயா?"

"உனக்குத் தெரியுமாம்மா?"

"இந்தச் சீமையிலயே பொறந்து வளந்தவளுக்குப் பள்ளின்னா என்னன்னு தெரியாதா? கல்லறையில தனியாக் கெடக்கறான்னு சொன்னா உங்கப்பன் தாங்குவாரா? நீயும் பள்ளிக்கூடம்னு நம்பிட்டிருக்கறயேன்னுதான் கம்முனு இருந்தேன்."

அப்புறம் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

அப்பா இருக்கிறவரை அந்த விடுதி பள்ளிக்கூடம்தான், அண்ணா. ஆனால் அம்மாவுக்குப் பதில் வேண்டும். தலச்சேரிக்குப் போய் அந்த மனிதரைப் பார்ப்பேன். எந்தப் பக்கம் என்று கேட்டுவந்து, அம்மாவின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைப்பேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த ஒரே ஒருத்தி