வரைபடத்தில் ஒரு புள்ளி அதிகம்

மார்ச் 3, திங்கள்

மாதிரி அறையில் ஏ.சி. இன்றும் ஓடவில்லை. வௌவால்கள் ஜாடிக்குள் நிம்மதியாக ஊறுகின்றன, நான்தான் வெளியே வேகிறேன்.

மதியம் இயக்குநர் சுரங்கத் துறையிலிருந்து வந்த ஒரு கடிதத்தை நீட்டினார். கைவிட்ட சுரங்கத்தின் வாயை இருபதாம் தேதி கான்கிரீட் போட்டு அடைக்கப் போகிறார்களாம். போன வருடம் உள்ளே போன ஒருவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவர்கள் பயம் அவர்களுக்கு. அங்கே தொங்கும் பெரிய குதிரைலாட வௌவால் வேறெங்காவது இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

"அதான் ஆத்துக்குகை இருக்கே, உங்க புள்ளி. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் எழுதிடுங்கம்மா" என்றார்.

எந்த இனம் எங்கே வாழ்கிறது என்று காட்டும் வரைபடத்தில் அந்த இனத்துக்கு இரண்டே புள்ளிகள். ஒன்று சுரங்கம், முன்பே தெரிந்த இடம். மற்றது, இருபத்திரண்டு வருடத்துக்கு முன் மாணவியாக இருந்தபோது நான் வைத்தது. என் முதல் கட்டுரை, இந்த வேலை எல்லாம் அதனால் வந்தவை. வீட்டுக்காரர் இன்னும் என்னைப் 'பெரும்புள்ளி' என்றுதான் கூப்பிடுகிறார்.

மார்ச் 4

பதில் எழுதுமுன் ஒரு தடவை பார்க்கலாமே என்று அப்போது பிடித்த குகை வௌவால், சுரங்க வௌவால் இரண்டின் ஜாடிகளையும் எடுத்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம்.

இரண்டும் ஒரே நாளில் பிடித்தவை. காலையில் குகை, மாலையில் சுரங்கம். பழைய களக்குறிப்பேட்டில் என் கையெழுத்து: "குகை, முன்கை 41 மி.மீ. சுரங்கம், 53." 'குகை' என்று சீட்டு கட்டியிருக்கும் வௌவாலை அளந்தேன். 53. மறுபடி அளந்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அளந்தேன். 53தான்!

ஆடுகிற ஜீப்பில் உட்கார்ந்து வௌவால்களின் காலில் சீட்டை மாற்றிக் கட்டியிருக்கிறேன். பிறகு ஆய்வகத்தில் அதன் மூக்கின் மேலுள்ள இதழ்மடலை உருப்பெருக்கியில் பார்த்து, "பெரிய இனம், ஆற்றுக்குகை" என்று குதித்திருக்கிறேன். இனம் சரி. இடம் தப்பு. மற்றது எங்கும் கிடைக்கிற சின்ன இனம், அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 5

யாருக்கும் தெரியாது. தெரியவே தெரியாது — இல்லையா?

மார்ச் 6

காலையில் குகைக்குப் போனேன். லாட வௌவால்களில் ஒவ்வொரு இனமும் தனக்கென ஓர் அலைவரிசையில் கத்தும். நம் காதுக்கு எட்டாது, கருவியில் எண்ணாக வரும். இரண்டு மணி நேரம் சின்ன இனத்தின் எண் மட்டுமே வந்தது. ஒன்றே ஒன்றாவது பெரியது தொங்கக் கூடாதா என்று மூலைமுடுக்கெல்லாம் தேடினேன். எனக்காகத்தான் தேடினேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

பிற்பகல் சுரங்கம். சுரங்கத் துறைப் பொறியாளர் கூட வந்தார், நல்ல மனிதர். உள்ளே வெதுவெதுப்பு, ஈரம். அவற்றைக் கலைக்கக் கூடாதென்று முதல் வளைவுக்கு மேல் போகவில்லை. சிவப்பு விளக்கில் அங்கிருந்தே தெரிந்தது. இறக்கையைப் போர்த்திக்கொண்டு நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. பல தாய்களின் மார்பில் குட்டி. வருடத்துக்கு ஒன்றே ஒன்றுதான் போடும்.

"அடைச்சுட்டா இதுங்க வேற எடத்துக்குப் போயிடும்ல மேடம்?"

எந்த இடத்துக்கு? என் புள்ளிக்கா?

மார்ச் 7, வெள்ளி

இயக்குநரிடம் சொல்லிவிட்டேன்.

"இத்தன வருஷமா சம்பாதிச்ச பேரும்மா. எதுக்குக் கெடுத்துக்கறீங்க?"

"நான் கெடுத்தது வரைபடத்த சார்."

'குகைப் பதிவு என் தவறு. இந்த இனத்துக்கு நமக்குத் தெரிந்த வீடு சுரங்கம் ஒன்றே' என்று எழுதி, வாயை அடைப்பதற்குப் பதில் கம்பித் தடுப்பு போடலாம் என்ற யோசனையையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். என் கட்டுரை வந்த ஆய்விதழுக்கும் திருத்தம் அனுப்பினேன்.

வீட்டில் சொன்னதும், "சரி விடு, இனிமே நீ வெறும் புள்ளி" என்றார் மனுஷர். சிரித்தேன், அப்புறம் அழுதுவிட்டேன். தட்டில் போட்டதை எடுத்து எனக்கு ஊட்டிவிட்டார்.

மார்ச் 13

பதில் இல்லை. நடைபாதையில் நான் வந்தால் பேச்சு நிற்கிறது. நிற்கட்டும். இருபதாம் தேதிக்கு ஏழே நாள்.

மார்ச் 18

பொறியாளர் போன் செய்தார். "கான்கிரீட்ட நிறுத்திட்டாங்க மேடம். படுக்கைவாட்டுல கம்பி, மனுஷன் நுழைய முடியாது, வவ்வால் நுழையும்னு எழுதியிருந்தீங்களே, எடவெளி எவ்ளோ விடணும்?"

சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன், சந்தோஷத்தில்.

"'என் தவறு'ன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டு நான் பாத்ததே இல்ல. எங்க மேலதிகாரி அந்த வரியத்தான் திருப்பித் திருப்பிப் படிச்சாரு" என்றார்.

ஜூன் 20

புதிய வரைபடம் வந்துவிட்டது. ஒரே புள்ளி.

நேற்று அந்திப்பொழுதில் பொறியாளர் சுரங்க வாயில் நின்று எண்ணியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை, தானாகப் போயிருக்கிறார். முந்நூற்றுப் பன்னிரண்டு வௌவால்கள் கம்பிகளுக்கிடையே வெளியே வந்தன, அதில் பறக்கப் பழகிய குட்டிகளும் உண்டு என்று செய்தி அனுப்பினார்.

இன்று பெரிய வௌவாலின் ஜாடியைத் திறந்து புதுச் சீட்டு கட்டினேன். 'இடம்: சுரங்கம்.' எங்கள் வழக்கப்படி பழைய சீட்டைக் கழற்றக் கூடாது. தப்பானாலும் கூடவே இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்து கொழுகொழுவென்று இருந்தது. அதன் பக்கத்திலேயே புதியதை முடிந்தேன். முடிச்சை மூன்று தடவை சரிபார்த்தேன்.