பதினான்காவது வரிசை

மார்ச் 3
கணினிப் பொறியியல் படிக்கிறவனுக்கு வரலாறு எதற்கு? கட்டாயத் தாளாம். இரண்டு அண்டை நாடுகளின் வரலாற்றையும் ஆட்சிமுறையையும் ஒப்பிட்டு, இருவர் இருவராக இணையத்தில் ஒரே அட்டவணை போட வேண்டும். எனக்கு ஜோடி ‘எல்லை’. பக்கத்து நாட்டிலிருந்து உதவித்தொகையில் படிக்க வந்தவன். வகுப்பு வைத்த பெயர் அது.

மார்ச் 6
நாடாளுமன்றம், தேர்தல், நீதிமன்றம் – பதின்மூன்று வரிசைகள் சண்டையில்லாமல் முடிந்தன. “எங்களுக்கு மேலவை இல்ல, உங்களுக்கு இருந்தும் இல்ல” என்றான். சிரித்துத் தொலைத்தேன். பதினான்காவது: எல்லைப் போரில் முதலில் சுட்டது யார்? என் பள்ளிப் புத்தகத்தில் அவர்கள். அவன் புத்தகத்தில் நாங்கள். ‘இரு தரப்பும் மறுக்கின்றன’ என்று எழுதி வைத்தோம்.

மார்ச் 9
அந்த வரிசை மாறியிருக்கிறது. எங்கள் நாட்டுக் கட்டத்தில், ‘முதலில் சுட்டது. காலை 5.10.’ திருத்தப் பதிவில் என் பெயர்! நேரம் காலை 9.20. அப்போது நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன்.
கடவுச்சொல் போயிருக்கிறது. நான் தட்டும்போது பக்கத்தில் உட்காருகிறவன் யார்?

மார்ச் 10
பழையபடி மாற்றினேன். வீட்டுக் கணினியிலேயே புதுக் கடவுச்சொல், இருபது எழுத்து. இப்போது திருடட்டும்.

மார்ச் 11
மறுபடியும் 5.10.
இரண்டு புத்தகத்திலும் மணி இல்லை. பொய்க்கு எதற்கு நிமிடக் கணக்கு?

மார்ச் 12
எல்லை மேல் துறைத்தலைவரிடம் புகார் கொடுத்தேன். திங்கட்கிழமை விசாரணை. “நிரூபணமானா உதவித்தொகை போயிடும். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். யோசிச்சியா?”
“யோசிச்சேன் சார்.”
மதியம் எல்லை தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றினான். நடிக்கிறானா? குடித்தேன்.

மார்ச் 13
ஆய்வகப் பொறுப்பாளர் பதிவைத் தோண்டி எடுத்தார். “தம்பி, திருடன் உங்க வீட்லதான் இருக்கான்.” திருத்தங்கள் வந்தது எங்கள் வீட்டு இணைய இணைப்பிலிருந்து.
அம்மா கணினியைத் துடைக்க மட்டும்தான் தொடுவாள். அப்படியென்றால்?
வீட்டுக்கு ஓடினேன். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தியை நிறுத்தவில்லை.
“நான்தான்டா. சிஸ்டத்த மூடாமப் போயிடுற. பாத்தேன், தப்பா இருந்துச்சு, திருத்தினேன்.”
“உங்களுக்கு எப்படித் தெரியும்?”
“சுடுங்கன்னு வந்த உத்தரவ வயர்லெஸ்ல கேட்டு எழுதிக் கொடுத்ததே நான்தான். அஞ்சு பத்து.”
ராணுவத்தில் ரேடியோ ரிப்பேர் என்றுதான் இத்தனை வருஷம் எங்களுக்குத் தெரியும்.
“ஏன்ப்பா சொல்லவே இல்ல?”
“யாரு கேட்டா?”
ஐயோ, புகார்! கடவுச்சொல்லை இருபது எழுத்தாக மாற்றிவிட்டு வெளியேறாமல் எழுந்து போன மடையன் நான். இவனை யாருடா பொறியாளர் ஆக்குவது?

மார்ச் 16
விசாரணைக்கு முன்பே புகாரை வாபஸ் வாங்கினேன். துறைத்தலைவர் அதைக் கிழித்துப் போட்டார். எல்லையிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன்.
“மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அரை நிமிஷம் ஆகியிருக்குமா?”
பையை எடுத்துக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போய்விட்டான்.

மார்ச் 17
எல்லை இன்றும் பின் பெஞ்சில்தான்.

மார்ச் 19
மூன்று நாளாக வீட்டுக் கணினியைத் திறந்தே விட்டுப் போகிறேன். வேண்டுமென்றுதான். இன்று மதியம் பார்த்தால், பதினைந்தாவதாக ஒரு வரிசை. என் பெயரில், காலை 9.20க்கு.
‘5.10க்குச் சற்று முன், பக்கத்து நாட்டு அலைவரிசையில் கேட்டது: ஒரு சிப்பாய் பாடிக்கொண்டிருந்தான்.’
அதன் கீழே, 11.40க்கு, எல்லையின் பெயரில் ஒரு குறிப்பு: ‘என்ன பாட்டுன்னு அப்பாகிட்ட கேளு.’