சுகர் என்று மட்டும் சொன்னேன்

ஆகஸ்ட் 14, 2003, வியாழன்

எட்டு மாதமாக நிற்காத உதிரப்போக்குக்காக இன்று ஆகுர்டியில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். மகள் சுஜா கூட வந்தாள். கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்வார், அதோடு தொல்லை விட்டது என்று நினைத்திருந்தேன். அவரோ டேப் எடுத்து என் இடுப்பை அளந்தார். பிரஷர் பார்த்தார். போன வாரம் சோதனைக்குக் கொடுத்த ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் அதிகமாம். முதலில் அதையெல்லாம் குறைக்க வேண்டுமாம். திங்கட்கிழமை கர்ப்பப்பைக்குள்ளிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பார்களாம்.

டாக்டர் மராத்தியில் சொன்னதை சுஜா தமிழில் சொன்னாள். "கேன்சர் இல்லன்னு பாக்கத்தான்மா" என்றபோது மட்டும் அவள் குரல் இறங்கிவிட்டது.

சாயங்காலம் இவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, "என்ன சொன்னாங்க?" என்றார்.

"சுகர் இருக்காம்."

அதைச் சொல்வது எளிது. இவர் போய் டீ போட்டார். கல்யாணமான இத்தனை வருடத்தில் மூன்றாவது தடவையோ என்னவோ. தன் டம்ளரிலும் சர்க்கரை போடவில்லை. ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

அதைப் பார்த்ததும் மீதியையும் சொல்லிவிட்டேன்.

"எட்டு மாசமா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

நீங்கள் கேட்கவில்லை என்று வாய்வரை வந்தது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"திங்கக்கிழமை நானும் வரேன். லீவு சொல்லிக்கிறேன்" என்றார்.

இப்போது தூங்கிவிட்டார். எழுந்து நனைந்த துணியை மாற்ற வேண்டும். முடியவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் இப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.