சாமைக் கூழின் மூன்று முகடுகள்

ஜூன் 10, திங்கள்
கரியாலூரில் வாங்கிய சாமையில் கூழ் காய்ச்சிப் புளிக்க வைத்து, அதில் உண்டாகும் புரதத் துண்டுகளை, அதாவது பெப்டைடுகளை, தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வே அதுதான். இன்றும் தோல்வி. நீரை விரும்பும் துண்டுகள் எங்கள் ஆய்வகத்தின் பிரிப்புக் குழாயில் ஒட்டுவதே இல்லை. போன வேகத்தில் எல்லாம் ஒரே கும்பலாக வெளியே வந்துவிடுகின்றன.

வழிகாட்டி சந்தியா மேடம், "இந்த மாசம் பார்ப்போம் இசை. வரலன்னா தலைப்ப மாத்திக்கலாம்" என்றார்.

மாற்றுவதா?

ஜூன் 13
ஹிலிக் குழாய் கேட்டேன். அதன் உட்பக்கம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீரை விரும்பும் துண்டுகள் அங்கே தங்கித் தங்கித்தான் நகரும். புதுச்சேரியில் மேடத்தின் தோழி இரவல் தருகிறாராம்.

ஜூன் 20
குழாய் வந்தது. ஓட்டினேன். ஒவ்வொரு துண்டும் திரையில் தனி முகடாக எழ வேண்டும்; எழுந்ததோ ஒரு மொத்தை மேடு, அவ்வளவுதான்.

பக்கத்து மேசை ஜெயப்பிரகாஷ், "வுட்டுடு இசை, வேற எதுனா பாரு"ன்னான். ஏன் வுடணும்? நான் ஏன் வுடணும்? கத்தணும்போல இருந்துச்சு.

ஜூன் 21
சங்கராபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது உறைத்தது — மாதிரியைத் தண்ணீரில் அல்லவா கரைத்தேன்! பழைய பழக்கம். இந்தக் குழாயில் துண்டுகளைத் தள்ளிவிடுவதே தண்ணீர்தான். தங்க வந்தவற்றை நானே விரட்டியிருக்கிறேன்.

ஜூன் 24
பெரும்பகுதி அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான், கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர். அதில் கரைத்தேன். நல்லவேளை, கலங்கவில்லை. குழாயில் ஓடும் திரவத்தில் தண்ணீரை மெல்ல மெல்லக் கூட்டினேன்.

ஒரு முகடு. இடைவெளி. இன்னொன்று. இடைவெளி. மூன்றாவது! ஊசி ஊசியாக.

மேடம் நம்பாமல் மறுபடி ஓட்டச் சொன்னார். அதே இடங்களில் அதே மூன்று. "கட்டுரையில உன் பேருதான் முதல்ல" என்றார். ஜெயப்பிரகாஷ் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தான்.

ஜூன் 25
தலைப்பு மாறவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி
கல்லூரிக் கருத்தரங்கில் பேசினேன். களையெடுப்புக்குப் போகாமல் அம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சென்னைப் பேராசிரியர் ஒருவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். ஒன்றுக்கும் நான் தடுமாறவில்லை.

"இன்னாம்மா, புரிஞ்சுதா?"

"ஒண்ணும் புரியல, போ" என்று சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் கண் அசந்துவிட்டேன். தூக்கம் கலைந்தபோது, பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் பொண்ணு பேசுச்சுங்க. அத்தினி பேரும் எழுதிக்கினாங்க."

கண்ணைத் திறக்காமலே இருந்தேன்.